மக் பிரிண்டிங் தொடங்க என்னென்ன வாங்கலாம்? பிரிண்டர் கடைசியில்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டிலிருந்தே போட்டோ மக் அடித்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. எப்சன் எல்3210 பிரிண்டர், 5-இன்-1 ஹீட் பிரஸ், இங்க், பேப்பர், ஒரு பெட்டி மக் எல்லாம் சேர்த்து ஃபுல் செட்டாகத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? மேஜிக் மக்கும் உடனே ஆரம்பிக்கலாமா?"

செட்டாக வாங்க வேண்டாம். பிரிண்டரை முதலில் வாங்கவே வேண்டாம். முதல் ஓரிரு மாதத்துக்கு உங்களுக்குத் தேவை நல்ல மக் பிரஸ் (மக்கைச் சுற்றிய காகிதத்தை அழுத்திச் சூடாக்கும் கருவி) ஒன்று, ஒரு பெட்டி கோட்டிங் மக் (படம் ஏறுவதற்கென்று பூச்சு போட்டது), சூடு தாங்கும் ஹீட் டேப், கையுறை. பிரிண்டை வெளியே எடுத்துக்கொள்ளலாம். காரணம் புரிய, மக்கில் படம் எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

போட்டோ மக்குக்குப் படம் அடிப்பது சப்ளிமேஷன் இங்கில். இது சாதாரண பிரிண்டர் இங்க் அல்ல. காகிதத்தில் அடித்து சுமார் 180 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதிலிருக்கும் சாயம் ஆவியாகி, எதிரே இருக்கும் பாலியஸ்டர் வகைப் பூச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். படம் மக்கின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை, பூச்சுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாது, நகத்தால் சுரண்டினாலும் உரியாது. வெறும் பீங்கானுக்குச் சாயத்தை வாங்கிக்கொள்ளும் தன்மை கிடையாது. பாத்திரக்கடையில் வாங்கிய வெள்ளை மக்கில் அடித்தால் கழுவும்போதே படம் போய்விடும். வீட்டிலேயே தெளித்துக்கொள்ளும் கோட்டிங் ஸ்பிரே என்று சில விற்கிறார்கள். விற்பனைக்கு மக் செய்கிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். அப்புறம், இந்த இங்கில் வெள்ளை நிறம் கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது மக்கின் வெள்ளைதான். கறுப்பு மக்கில் நேரடியாக போட்டோ அடிக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

ஆக, படத்தின் தரம் முதலில் பூச்சைப் பொறுத்தது. அடுத்தது சூடும் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைப்பது. பிரிண்டர் மூன்றாவது இடம்தான். கடைகளில் இது தலைகீழாகச் சொல்லப்படும், ஏனென்றால் செட்டில் விலை அதிகமான பொருட்களில் ஒன்று பிரிண்டர்.

மக்கிலிருந்து தொடங்குவோம். சந்தையில் 11 அவுன்ஸ் மக் என்று சொல்வது ஏறக்குறைய 325 மில்லி பிடிக்கும் நேரான மக். உயரம் ஒன்பதரை சென்டிமீட்டர், விட்டம் எட்டுக்குக் கொஞ்சம் மேல். பெரும்பாலும் 36 மக் கொண்ட பெட்டியாகத்தான் மொத்தக்கடையில் கொடுப்பார்கள். விலை ஊருக்கு ஊர் மாறும். மொத்தமாக எடுத்தால் ஒன்று 70 முதல் 90 ரூபாய்க்குள் கிடைக்கலாம். இதில் பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று தெரியாத ரகத்தை எடுப்பதுதான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் பணத்தை விடும் முதல் இடம். பூச்சு சீராக இல்லாத மக்கில் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் சோகை பிடித்த மாதிரியும் வரும். நீங்கள் பிரஸ்ஸைக் குறை சொல்வீர்கள், இங்கைக் குறை சொல்வீர்கள், கடைசியில் பார்த்தால் மக்.

அதனால் பெட்டி எடுக்கும் முன் மூன்று நான்கு கடைகளில் ஆளுக்கு இரண்டு மக் சில்லறையாக வாங்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூச்சு வழிந்த தடம், புள்ளி, மேல் விளிம்பில் பூச்சு எட்டாமல் விட்ட இடம் எல்லாம் அப்போது தெரியும். ஸ்கேல் ஒன்றை நெடுக்காக வைத்துப் பாருங்கள். நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்த மக் என்றால் அந்த இடத்தில் காகிதம் அழுந்தாது, படம் வெளிறும். எல்லாவற்றிலும் ஒரே படத்தை அடித்து, கொதிநீரில் சிறிது நேரம் போட்டு வைத்து, பாத்திரம் தேய்க்கும் நாரால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். நம் வீடுகளில் மக்கைக் கழுவப்போவது அந்த நார்தான். தாங்குகிற ரகத்தை எழுதி வைத்துக்கொண்டு அதே கடையில் அதே ரகத்தைக் கேளுங்கள். ரகம் மாறினால் நேரமும் சூடும் மறுபடி சோதித்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது பிரஸ். 5-இன்-1, 8-இன்-1 என்று விற்கப்படுவதில் ஒரே உடலில் டி-ஷர்ட்டுக்குத் தட்டையான தகடு, தொப்பிக்கு ஒன்று, பிளேட்டுக்கு ஒன்று, மக்குக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றி, ஒயரைப் பிடுங்கி, அடுத்ததைச் சொருக வேண்டும். அந்தச் சொருகும் இணைப்புதான் முதலில் தளரும். மக் அடித்துக்கொண்டிருக்கும்போது டி-ஷர்ட் ஆர்டர் வந்தால் ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கும். தொப்பி அடிக்கச் சொல்லி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என் கருத்தில் மக் மட்டும் அடிக்கும் தனி பிரஸ்தான் சரி. 4,000 முதல் 6,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். டி-ஷர்ட் ஆர்டர் உண்மையிலேயே வர ஆரம்பித்தால், அப்போது 15-க்கு 15 அங்குலத் தட்டை பிரஸ்ஸைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

மக் பிரஸ் வாங்கும்போது உடம்பின் பெயின்டைப் பார்க்காதீர்கள், கன்ட்ரோலரைப் பாருங்கள். சூடான பிரஸ்ஸுக்குள் குளிர்ந்த மக்கை வைத்ததும் வெப்பநிலை மடமடவென்று இறங்கும். பீங்கான் அவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளும். நல்ல கன்ட்ரோலரில் இரண்டு வெப்பநிலை அமைக்கலாம்: காத்திருக்கும்போது இருக்க வேண்டிய குறைந்த சூடு, வேலை செய்யும்போது எட்ட வேண்டிய முழுச் சூடு. மக் உள்ளே போன பிறகு முழுச் சூட்டை எட்டினால்தான் நேரம் எண்ண ஆரம்பிக்கும். மலிவான சிலவற்றில் கைப்பிடியை மூடிய கணமே நேரம் ஓடத் தொடங்கிவிடும். அதில் காலையில் அடிக்கும் முதல் மக் ஒரு நிறம், பிரஸ் நன்றாகக் காய்ந்த பிறகு வரும் பத்தாவது மக் வேறு நிறம். கடையிலேயே ஒரு மக்கை வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடை.

திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். வெப்பம் அளக்கும் ஒயருடன் வரும் மல்டிமீட்டர் மின்சாதனக் கடைகளில் கிடைக்கும். அந்த ஒயர் நுனியை மக்குக்கும் ஹீட்டருக்கும் நடுவில் வைத்து அளந்தால் உங்கள் பிரஸ் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். பொய் சொன்னாலும் தினமும் ஒரே அளவு பொய் சொன்னால் பிரச்சினை இல்லை, அதைக் கழித்துக்கொண்டு அமைக்கலாம்.

மக்கைச் சுற்றிக்கொள்ளும் ஹீட்டர் சிலிகோன் ரப்பரால் ஆனது. காலப்போக்கில் விரிசல் விடும், பள்ளம் விழும், சூடு சீராக வராது. ஆகவே ஹீட்டர் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கூம்பு வடிவ லாட்டே மக்குக்கு வேறு ஹீட்டர் வேண்டும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நேரான ஹீட்டரில் அதை வைத்தால் மேல்பாகம் அழுந்தும், கீழ்ப்பாகம் தொடக்கூடச் செய்யாது. மக் பிரஸ் சில நூறு வாட்தான் இழுக்கும், வீட்டு பிளக்கே போதும். ஆனால் முழுக்க உலோக உடம்பு என்பதால் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நேரமும் சூடும் எவ்வளவு? 180 முதல் 200 டிகிரி, இரண்டரை முதல் நான்கு நிமிடம் என்ற வட்டத்துக்குள்தான் பெரும்பாலான மக்குகள் அடங்கும். மக் விற்பவர் சொல்லும் அளவிலிருந்து ஆரம்பித்து ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். சூட்டை அப்படியே வைத்து நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது நேரத்தை வைத்துக்கொண்டு சூட்டைக் கூட்டுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. மங்கலாக வந்தால் சூடு அல்லது நேரம் போதவில்லை. எழுத்தின் ஓரங்கள் கசிந்த மாதிரி, வெள்ளை பழுப்பேறிய மாதிரி வந்தால் அதிகமாகிவிட்டது. கைப்பிடி ஓரத்தில் மட்டும் வெளிறினால் அது அழுத்தம் அல்லது படத்தின் அகலம் சம்பந்தப்பட்டது. ஹீட்டர் கைப்பிடி வரை சுற்றிப் போகாது. இருபது சென்டிமீட்டர் அகலத்துக்குள் படத்தை நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். அழுத்தத் திருகை வெறியோடு இறுக்க வேண்டாம். மக் உடையும், உடையாவிட்டாலும் ஹீட்டர் சீக்கிரம் போகும்.

நேரம் முடிந்ததும் கையுறையுடன் எடுத்து, காகிதத்தைச் சூட்டோடு ஒரே இழுப்பில் உரித்துவிடுங்கள். ஆறட்டும் என்று விட்டால் காகிதம் லேசாக நகர்ந்து படத்துக்குப் பக்கத்திலேயே நிழல் மாதிரி இன்னொரு படம் விழும். சிலர் உடனே தண்ணீரில் முக்குவார்கள். பச்சைத் தண்ணீரில் விரிசல் விடும் மக் உண்டு, நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன்.

சரி, பிரிண்டருக்கு வருவோம். ஏன் அதைத் தள்ளிப்போடச் சொல்கிறேன்? சப்ளிமேஷன் இங்க் பிரிண்டருக்குள் சும்மா இருந்தால் ஹெட்டில் (இங்கைத் தெளிக்கும் பகுதி) காய்ந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரமாவது நாசில் செக் (எல்லா நிறக் கோடும் விட்டுப்போகாமல் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பிரிண்ட்) அடித்தே ஆக வேண்டும். ஆரம்பத்தில் வாரத்துக்கு நாலு மக் ஆர்டர் வந்தாலே பெரிது. அந்த நாலு மக்குக்காக பிரிண்டரை உயிரோடு வைத்திருக்கும் வேலைதான் அதிகமாக இருக்கும். அதே சமயம் டிஜிட்டல் ஸ்டுடியோக்களிலும் கிஃப்ட் கடைகளிலும் சப்ளிமேஷன் பிரிண்ட் மட்டும் எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஏ4 தாளில் ஒன்பது சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று மக் படம் அடுக்கலாம். ஒரு தாளுக்கு அவர்கள் வாங்கும் காசை மூன்றால் வகுத்துப் பாருங்கள், ஒரு மக்குக்குச் சொற்பம்தான். அந்த ஓரிரு மாதத்தில் மக், சூடு, நேரம் மூன்றும் உங்கள் கைக்கு வந்துவிடும், ஆர்டர் எப்படி வருகிறது என்றும் தெரியும். அப்புறம் பிரிண்டர் வாங்கினால், படம் சரியாக வராதபோது எங்கே கோளாறு என்று தேட வேண்டிய இடம் ஒன்றாகக் குறைந்திருக்கும்.

வாங்கும் நேரம் வந்தால் எப்சன்தான். இது பிராண்ட் பாசம் இல்லை. எப்சன் ஹெட் பீசோ முறையில், அதிர்வால் இங்கைத் தள்ளுகிறது. கேனன், எச்பி இங்க்ஜெட்டுகள் இங்கைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித் தள்ளுபவை. சூட்டில் ஆவியாக வேண்டிய சாயத்தை ஹெட்டிலேயே சூடாக்குவது சரிப்பட்டு வராது. எப்சனில் உங்கள் கடைக்காரர் சொன்ன எல்3210 நான்கு நிற டேங்க் பிரிண்டர், ஸ்கேனரும் உண்டு. தொடக்கத்துக்குப் போதுமானது, அதில் அவர் தப்பாகச் சொல்லவில்லை. எல்8050 ஆறு நிறம். வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் கூடுதலாக இருப்பதால் முகத்தின் நிறம் மாறும் இடங்கள் புள்ளி தெரியாமல் வழுவழுப்பாக வரும். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கல்யாண போட்டோ, குழந்தை போட்டோ என்று முகங்களாகவே அடிக்கப் போகிறீர்கள் என்றால் காசு சேர்த்து அதை வாங்குவதில் அர்த்தம் உண்டு. பெயர், வாசகம், லோகோ என்றால் நான்கு நிறமே தாராளம். எப்சனே சப்ளிமேஷனுக்கென்று ஷூர்கலர் எஃப் வரிசையையும் விற்கிறது, ஆனால் அது உங்கள் பட்ஜெட்டுக்கு வெளியே.

டேங்க் பிரிண்டரைச் சப்ளிமேஷனுக்கு மாற்றினால் நிறுவனத்தின் வாரன்டி போய்விடும், இதை ஒத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். பெட்டியில் வரும் ஒரிஜினல் இங்கை ஊற்றிவிடாதீர்கள். முதல் முறையே சப்ளிமேஷன் இங்கை ஊற்ற வேண்டும். ஒரு தடவை ஒரிஜினல் ஏறிவிட்டால் குழாய் முழுக்கக் கழுவி எடுப்பது பெரிய பாடு. பழைய பிரிண்டர் வாங்கினால் உங்கள் கண்முன்னே நாசில் செக் அடிக்கச் சொல்லுங்கள். கோடு விட்டுப்போயிருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். இங்கில் ஒரு பிராண்ட் என்று முடிவு செய்துவிட்டு அதையே தொடருங்கள். அந்த இங்குக்குரிய ஐசிசி புரொஃபைல் (நிறம் சரியாக வரக் கணினிக்கு வழிகாட்டும் ஃபைல்) தருகிறார்களா என்பதுதான் இங்க் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்தச் சிறிய ஃபைல் இல்லாவிட்டால் மாநிறமான முகம் செம்மண் நிறத்தில் வரும், நீங்கள் ஒவ்வொரு படத்தையும் கையால் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். காகிதத்தில் படம் வெளிறிப்போய்த் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நிறம் விழிப்பது சூட்டில்தான். கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அடிக்க மறந்துவிடாதீர்கள். போட்டோவில் உடனே தெரியாது, கீழே எழுதிய பெயர் காட்டிக்கொடுத்துவிடும்.

காகிதம் சப்ளிமேஷன் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள், 100 ஜிஎஸ்எம் வழக்கமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் ஈரத்தை இழுத்துவிடும். அந்த ஈரம் பிரஸ்ஸுக்குள் நீராவியாகிப் படத்தில் திட்டுத்திட்டாக விழும். பாக்கெட்டைப் பிரித்ததும் ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள். மழை நாளில் அடித்த காகிதத்தைச் சுற்றும் முன் சூடான பிரஸ் அருகே சில நொடி காட்டினால் போதும். டேப் சாதாரண செலோ டேப் வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். பழுப்பு நிற ஹீட் டேப்தான். மக்கைச் சுற்றும் முன் ஈரமில்லாத துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு தூசி இருந்தாலும் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிச்சயம்.

மென்பொருளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியா, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப், இங்க்ஸ்கேப் போதும். 20-க்கு 9 சென்டிமீட்டர் என்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2362-க்கு 1063 பிக்சல். இந்த அளவில் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆர்டரையும் அதில் போடுங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் படம்தான் உண்மையான தலைவலி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும். ஒரு முகம் முழுதாக இருக்கும் படம் என்றால் அதுவே தாங்கும். குடும்ப குரூப் போட்டோவில் தாத்தாவை மட்டும் வெட்டி எடுத்துப் போடச் சொல்வார்கள் பாருங்கள், அங்கேதான் வழுக்கும். "டாக்குமென்டாக அனுப்புங்கள்" என்று ஒரு வரியை வாட்ஸ்அப்பில் தயார்ப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் போட்டு டிசைனை அனுப்பி, எழுத்துப்பிழை உட்பட அவர்கள் சரி என்று சொன்ன பிறகே பிரிண்டுக்குக் கொடுங்கள். ஐபிஎல் அணிகளின் லோகோ, சினிமா போஸ்டர் போன்றவற்றை அடித்து ஸ்டாக் வைத்து விற்பது உரிமைச் சிக்கலில் கொண்டுவிடும். சொந்தப் படங்களோடு நின்றுகொள்வது நிம்மதி.

உங்கள் 30,000-ஐ இப்படிப் பிரித்துப் பாருங்கள். பிரஸ் ஐந்தாயிரம், ஒரு பெட்டி மக் மூவாயிரம், டேப், கையுறை, மீட்டர், பேக்கிங் பெட்டி எல்லாம் ஒன்றரை இரண்டாயிரம், சோதனை பிரிண்டுகளுக்கு ஐநூறு. சுமார் பத்தாயிரத்தில் வேலை ஆரம்பமாகிவிட்டது. மீதி இருபதாயிரம் கையில் இருக்கிறது. ஆர்டர் வந்தால் எல்3210-ம் இங்கும் பேப்பரும் அதற்குள் அடங்கும். வரவில்லை என்றால் நஷ்டம் ஒரு பிரஸ்ஸோடு போகும். விலை வைக்கும்போது பத்தில் ஒரு மக் வீணாகும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், கூரியரில் உடைவது தனி. தெர்மோகோல் பெட்டி கொஞ்சம் விலை கூடினாலும் வெளியூர் ஆர்டருக்கு அதுதான் தாங்குகிறது.

யூவி டிடிஎஃப் என்று இன்னொன்றைப் பற்றியும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். அது ஸ்டிக்கர் மாதிரி அடித்து வரும் படத்தை எந்த மக்கிலும், கறுப்பு மக்கில்கூட, சூடில்லாமல் ஒட்டுவது. அந்த இயந்திரம் உங்கள் பட்ஜெட்டில் வராது. ஷீட்டாக வெளியே அடித்து வாங்கி ஒட்டலாம். கண்ணாடி டம்ளர், ஸ்டீல் பாட்டில் லோகோவுக்கு நன்றாக இருக்கும். தினமும் நாரால் தேய்க்கும் காபி மக்குக்கு நான் சப்ளிமேஷனைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதில் ஓரம் இருக்கிறது, ஓரம் இருப்பது ஒரு நாள் தூக்கும்.

மேஜிக் மக் கடைசிக் கேள்வி. குளிர்ந்திருக்கும்போது அது முழுக்கக் கறுப்பாக இருக்கும், போட்டோ தெரியாது. சூடான காபி ஊற்றினால் கறுப்பு மறைந்து படம் தெரியும். சூட்டில் கறுப்பு மறைந்ததும் அடியிலிருக்கும் வெள்ளை தெரிவதால்தான் சாதாரண கறுப்பு மக்கில் முடியாத சப்ளிமேஷன் படம் இதில் தெரிகிறது. ஆனால் அந்த நிறம் மாறும் பூச்சு சூட்டுக்கு ரொம்பவே சொரணை உள்ளது. வெள்ளை மக்கின் அளவிலேயே வைத்தால் பூச்சு கெட்டு, ஆறிய பிறகும் முழுக்கக் கறுக்காமல் சாம்பலாக நிற்கும். மக்கின் விலையும் கூடுதல், கற்றுக்கொள்ள நாலைந்தை வீணாக்கினால் வலிக்கும். முதல் பெட்டி வெள்ளை மக் முடியட்டும், உங்கள் பிரஸ்ஸின் குணம் பிடிபடட்டும். பிறகு மேஜிக் மக்கைச் சில்லறையாக வாங்கி, சூட்டையும் நேரத்தையும் குறைத்த இடத்திலிருந்து ஆரம்பித்து மெல்ல ஏற்றிப் பாருங்கள். விற்கும்போது கையால் மட்டும் கழுவ வேண்டும், மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்று ஒரு சீட்டும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.